ஹெரால்டு கேட்டவர் பத்மினி வாங்கினால் தோல்வியா?

பழைய கார் பிரியர்கள் கூடும் இடங்களில் ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கிறது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு தேடி அலைந்து, கடைசியில் பிரீமியர் பத்மினி வாங்கி வந்தவரிடம் அதைச் சொல்லிவிடுவார்கள்: "அவசரப்பட்டுட்டீங்க சார். இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்." மார்க் 1 அம்பாசடருக்கு ஆசைப்பட்டு மார்க் 4 வாங்கியவருக்கும் இதே தீர்ப்புதான். செவர்லே இம்பாலா கனவோடு கிளம்பி கான்டெஸாவோடு வீடு திரும்பியவருக்கும் இதேதான். ஆசைப்பட்டதை வாங்கு, கிடைக்காவிட்டால் கிடைக்கும்வரை காத்திரு, வேறொன்றை வாங்கினால் அது தோல்வி. இந்தக் கருத்து தவறானது. அதைவிட முக்கியமாக, நம்மிடம் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சப் பழைய வண்டிகளுக்கு இது கேடு செய்கிறது.

அவர்கள் தரப்பை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இதைச் சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. பல வண்டிகளைப் பிரித்துப் பூட்டியவர்கள். அவர்கள் சொல்லும் காரணங்கள் நான்கு. ஒன்று: பழைய வண்டியைச் சீரமைப்பது வருடக்கணக்கில் இழுக்கும் வேலை, உள்ளூர உண்மையான ஆசை இல்லாதவர் பாதியில் கைவிட்டுவிடுவார். இரண்டு: டிங்கரிங், பெயிண்டிங், சீட் வேலை, எலெக்ட்ரிகல் ஆகியவற்றின் கூலி எந்த வண்டிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் வேலை முடிந்தபின் ஒரு வண்டி நல்ல விலைக்குப் போகும், இன்னொன்று போகாது. மூன்று: இரண்டாம் தேர்வில் பணமும் நிறுத்தும் இடமும் முடங்கிவிட்டால், முதல் தேர்வு கண்ணெதிரே வரும் நாளில் கை காலியாக இருக்கும். நான்கு: மனம் ஒட்டாது, வாங்கிய வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் வாங்காத வண்டிதான் நினைவுக்கு வரும்.

நான்கும் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தால் உள்ளே பட்டி அடித்து மறைத்த ஓட்டை தெரியும்.

1. ஆசைப்படுவது மாடலுக்கு, வாங்குவது வண்டியை.

ஹெரால்டு என்றதும் மனத்தில் எழுவது என்ன? இத்தாலியரான ஜொவானி மிக்கெலோட்டி வரைந்த கூர்மையான கோடுகள். மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் சாய்ந்து திறக்கும் பானெட். குறுகிய தெருவிலும் சட்டென்று திரும்பிவிடும் முன்சக்கரங்கள். எல்லாம் உண்மை. ஆனால் இவற்றை யாரும் விற்பதில்லை. விற்பனைக்கு வருவது, ஏதோ ஓர் ஊரில் ஒழுகும் கொட்டகையில் பல வருடம் நின்ற ஒரு குறிப்பிட்ட ஹெரால்டு. ஹெரால்டுக்குத் தனிச் சேஸ் உண்டு. பாடியை அதன்மேல் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். சேஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் துருவேறி இற்றுப்போனால் பாடி தொய்யும், கதவு சரியாகச் சாத்தாது. பத்மினிக்கும் அம்பாசடருக்கும் தனிச் சேஸ் கிடையாது. பாடியே பாரம் தாங்குகிறது. அங்கே தரைத்தகடும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப்பகுதியும் அரித்திருந்தால் வண்டியின் முதுகெலும்பே போய்விட்டது என்று பொருள். சென்னையிலும் தூத்துக்குடியிலும் கடற்காற்று இந்த வேலையை வெகு சீக்கிரம் முடித்துவிடும். மேலே அடித்த புதுப் பெயிண்ட் அதைச் சொல்லாது.

ஆகவே "ஹெரால்டா, பத்மினியா?" என்பது கேள்வியே இல்லை. "இந்த ஹெரால்டா, இந்தப் பத்மினியா?" என்பதுதான் கேள்வி. சேஸ் இற்றுப்போய், டிக்கி மூடியும் பின்விளக்குகளும் இல்லாமல், ஆர்.சி. புத்தகம் தொலைந்து நிற்கும் ஹெரால்டு ஒரு பக்கம். ஒரே குடும்பத்தில் இருந்து, வருடம் தவறாமல் ஓடி, சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யோடு அப்படியே பொருந்தும் பத்மினி இன்னொரு பக்கம். இவற்றில் இரண்டாவதை எடுப்பவர் சமரசம் செய்துகொண்டார் என்று சொல்பவர், வண்டியைப் பார்க்காமல் பெயர்ப்பலகையை மட்டும் படித்தவர்.

2. ஆசைப்பட்டது என்று கைக்கு வருவது பல நேரம் அதுவே இல்லை.

இம்பாலாக்காரர்களிடம் கேளுங்கள். 1973-ல் எண்ணெய் விலை எகிறிய பிறகு, பெரிய பெட்ரோல் எஞ்சின் பூட்டிய அமெரிக்க வண்டியை ஓட்டக் கட்டுப்படியாகாமல் போயிற்று. அதனால் இந்தியாவில் எத்தனையோ செவர்லே, டாட்ஜ், பிளிமத் வண்டிகளில் பழைய எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றினார்கள். அப்படி ஓட்டியதால்தான் அந்த வண்டிகள் பிழைத்தன. அதற்காக அந்த மெக்கானிக்குகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இன்று இம்பாலாவுக்காகத்தான் காத்திருப்பேன் என்பவர் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பத்து வருடம் காத்திருந்து அவருக்குக் கிடைக்கப்போவது, இம்பாலாவின் தகட்டுக்குள் வேறொரு நாட்டு லாரியின் இதயம் துடிக்கும் வண்டியாகவே இருக்கக்கூடும்.

சட்டமும் இதைக் கணக்கில் எடுக்கிறது. 2021-ல் வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், 50 வருடம் கடந்த வண்டிகளுக்கு 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவு வரிசையைக் கொடுத்தது. சேஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் ஏதும் செய்யாமல் அசல் வடிவில் காக்கப்பட்ட வண்டியைத்தான் அது விண்டேஜ் என்று ஏற்கிறது. அப்படிப் பதிவான வண்டியையும் கண்காட்சி, பேரணி, ஆய்வு, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற காரணங்களுக்காகவே சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை. பதிவைப் புதுப்பித்து வைத்திருக்கும் 1980-களின் பத்மினியிலோ ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோவிலுக்குப் போய் வரலாம். வண்டி எதற்கு என்ற கேள்விக்கு ஓட்டுவதற்கு என்பது பதிலானால், எது சமரசம், எது சரியான தேர்வு?

3. காத்திருப்பு இலவசமா?

"பொறுத்திருக்கலாம்" என்பவர்கள், காத்திருக்கும் காலத்தில் எதுவும் அசையாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வண்டி அங்கேயே நிற்கும், மெக்கானிக் அங்கேயே இருப்பார், ஸ்பேர் கடை அங்கேயே இருக்கும், நமக்கும் வயதாகாது. நான்குமே பொய். ஹெரால்டு வழிவந்த கார்களின் உற்பத்தி 1970-களோடு நின்றது. பத்மினி 2000-ஐ ஒட்டி நின்றது. 2014 மே மாதம் உத்தர்பாரா தொழிற்சாலை மூடப்பட்டதும் அம்பாசடரும் நின்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் எண்ணிக்கை ஒரே திசையில்தான் போகிறது. நாம் காத்திருக்கும் வருடங்களில் நல்ல பத்மினிகள் பழைய இரும்பு விலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

கைத்திறனும் அப்படித்தான். எஸ்.யூ. கார்புரேட்டரின் சத்தத்தைக் காதால் கேட்டே கலவையைச் சரிசெய்பவர், பிளாட்டினம் பாயின்ட் இடைவெளியைக் கை அளவில் வைப்பவர், ஈயம் உருக்கித் தகட்டு இணைப்பை நிரவத் தெரிந்த டிங்கர், இவர்களெல்லாம் வயதானவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இன்று கையில் ஒரு வண்டி இருப்பவர் அவர்களிடம் வேலை கொடுத்து, பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளலாம். காத்திருப்பவர் எதையும் கற்பதில்லை. அவர் கனவு கண்ட வண்டி கடைசியில் வந்து சேரும்போது, அதைப் பார்க்கத் தெரிந்த கண்ணும் தொடத் தெரிந்த கையும் அவரிடம் இருக்காது. அவர் நம்பியிருந்த பட்டறையும் இருக்காது. "கை காலியாக இருக்கும்" என்பது அவர்கள் சொல்லும் மூன்றாவது காரணம். பணத்துக்கு மட்டும்தானா அது பொருந்தும்? காத்திருப்பவரின் கைதான் எல்லா வகையிலும் காலி.

4. பாதியில் கைவிடப்படுவது இரண்டாம் தேர்வு என்று யார் சொன்னது?

தார்ப்பாய் போர்த்தி, நான்கு செங்கல்மேல் நிற்கும் வண்டிகளின் கதையைக் கேட்டால் ஆசைக்குறைவு காரணமாக வராது. முன் கண்ணாடி கிடைக்கவில்லை, கியர் பெட்டிக்கு உதிரி கிடைக்கவில்லை, பிரித்துப்போட்ட மெக்கானிக் இறந்துவிட்டார், ஆர்.சி. பெயர் மாற்றம் ஆகவில்லை. இவைதான் காரணங்கள். ஆசை எவ்வளவு கொழுந்துவிட்டு எரிந்தாலும் அது ஒரு பின்விளக்கைச் செய்துதராது. அரிய வண்டிக்கு இந்தத் தடைகள் எல்லாம் அதிகம். எனவே பாதியில் நின்றுபோகும் ஆபத்தும் கனவு வண்டிக்கே அதிகம்.

இங்கே பேச வேண்டிய இன்னொன்று, "அது டாக்சி வண்டிதானே" என்ற இளக்காரம். அம்பாசடரையும் பத்மினியையும் கீழே தள்ளப் பயன்படும் ஆயுதம் இது. நன்றி கெட்ட பேச்சும்கூட. இந்த இரண்டு வண்டிகளும் இன்றும் ஓடுவதற்குக் காரணமே டாக்சிகள்தான். மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினிகள் 2023 அக்டோபர்வரை சாலையில் இருந்தன. கொல்கத்தாவின் மஞ்சள் அம்பாசடர்கள் அதற்குப் பிறகும் ஓடின. தினமும் காலை வண்டி எடுத்தால்தான் சோறு என்ற நிலையில் இருந்த ஓட்டுநர்களுக்காகத்தான் கிளட்ச் பிளேட்டும் பிரேக் சிலிண்டரும் கிங் பின்னும் இத்தனை காலம் வார்க்கப்பட்டன, கடையப்பட்டன, விற்கப்பட்டன. சென்னைப் புதுப்பேட்டையிலோ டெல்லி காஷ்மீரி கேட்டிலோ இந்த வண்டிகளுக்கு இன்னும் ஏதோ ஒன்று கிடைக்கிறதென்றால் அது அவர்கள் உழைப்பின் மிச்சம். மதிப்பவர்கள் ஹெரால்டைப் பூட்டி வைத்தார்கள். அதனால் அதற்கு உதிரி இல்லை. மதிக்கப்படாதவர்கள் அம்பாசடரை ஓட்டினார்கள். அதனால் அது உயிரோடு இருக்கிறது.

"டாக்சி எஞ்சின்" என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவலும் உண்டு. அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த 1,489 சிசி எஞ்சின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரீஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் அதே குடும்பத்தின், அதே கொள்ளளவு கொண்ட எஞ்சின்தான்.

5. பாசமா, முதலீடா? ஒன்றைச் சொல்லுங்கள்.

ஒரே மூச்சில் இவர்கள் இரண்டு வாதங்களை வைக்கிறார்கள். ஆசைப்பட்ட வண்டியை வாங்கு, ஏனென்றால் மனம்தான் முக்கியம். ஆசைப்பட்ட வண்டியை வாங்கு, ஏனென்றால் அதற்குத்தான் மறுவிற்பனை விலை உண்டு. மனம்தான் அளவுகோல் என்றால் விற்கும் விலையைப் பற்றிப் பேச்சே எழக் கூடாது. பாசம் வைத்தவர் விற்கப்போவதில்லை. விலைதான் அளவுகோல் என்றால் மனத்தைப் பற்றிப் பேசக் கூடாது. ஆசை இருக்கிறதோ இல்லையோ, சந்தை எதை உயர்த்துகிறதோ அதை வாங்க வேண்டியதுதான். இரண்டு தராசையும் மாற்றி மாற்றித் தூக்குபவர் எந்தத் தராசிலும் நிறுக்கவில்லை.

கூலி எல்லா வண்டிக்கும் ஒன்றுதான் என்பதும் பாதி உண்மை. டிங்கரின் தினக்கூலி ஒன்றாக இருக்கலாம். எத்தனை நாள் வேலை என்பதை வண்டியின் நிலையும் உதிரியின் இருப்பும்தான் முடிவு செய்கின்றன. கடையில் வாங்கி மாட்டும் மட்கார்டு ஒரு நாள் வேலை; தகட்டைத் தட்டி வளைத்து உருவாக்கும் மட்கார்டு பல நாள் வேலை.

6. இந்தியக் காரின் வரலாறே கிடைத்ததை எடுத்துக்கொண்ட வரலாறு.

இந்த ஒரு விஷயம் போதும், எதிர்த்தரப்பின் அடித்தளம் ஆட்டம் காண. 1960-களிலும் 70-களிலும் இந்தியாவில் கார் வாங்குவது என்றால் என்ன? பெரும்பாலும் மூன்றே மூன்று வண்டிகள்: உத்தர்பாராவின் அம்பாசடர், பம்பாயின் பியட், வண்டலூரின் ஹெரால்டு. உற்பத்திக்கு லைசென்ஸ். விநியோகத்துக்கு 1959-ல் வந்த கட்டுப்பாட்டு ஆணை. விலைக்கும் அரசுக் கட்டுப்பாடு. அந்த விலைத் தகராறு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. பியட்டுக்குப் பதிவு செய்தவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். காத்திருக்க முடியாதவர்கள் வேறு வண்டியை எடுத்தார்கள். இன்று நாம் பொக்கிஷம் என்று கொண்டாடும் எத்தனையோ ஹெரால்டுகளும் அம்பாசடர்களும் அவற்றின் முதல் உரிமையாளருக்கு இரண்டாம் தேர்வுகளாக வீட்டு வாசலில் வந்து நின்றவைதான்.

வண்டிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்பாசடர் என்பது பிரிட்டன் 1959-ல் நிறுத்திவிட்ட மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரீஸ். பத்மினி என்பது இத்தாலி 1960-களோடு விட்டுவிட்ட பியட் 1100 குடும்பம். கான்டெஸா என்பது வாக்ஸால் விக்டரின் கடைசித் தலைமுறை. எங்கோ ஒருவர் கைவிட்ட அச்சை வாங்கி, நம் சாலைக்கும் நம் வெயிலுக்கும் ஏற்றபடி திருத்தித் திருத்தி ஓட்டினோம். ஹெரால்டிலும் அதுதான் நடந்தது: பிரிட்டனில் இரண்டு கதவோடு விற்கப்பட்ட அந்தக் காருக்கு, பின்சீட்டில் பெரியவர்கள் ஏறி இறங்கும் இந்தியக் குடும்பத்துக்காகச் சென்னையில் நான்கு கதவு வைத்தார்கள். அந்த நான்கு கதவு ஹெரால்டு உலகில் வேறெங்கும் உருவாகவில்லை. அசல் டிரையம்ப் ஹெரால்டுக்கு ஆசைப்பட்ட ஒருவர் அந்த நாளிலேயே அதைச் சமரசம் என்று ஒதுக்கியிருக்கலாம். இன்று நமக்கு அதுவே பெருமை. ஒரு தலைமுறையின் சமரசம் அடுத்த தலைமுறையின் கனவாகிறது என்றால், இன்றைய சமரசத்தை ஏளனம் செய்ய நமக்கு என்ன உரிமை?

7. இந்தக் கருத்தால் அழிவது வண்டிதான்.

இது வெறும் பேச்சு என்றால் விட்டுவிடலாம். ஆனால் இரண்டாம் தேர்வு கேவலம் என்று சொல்லிச் சொல்லி நாம் என்ன செய்திருக்கிறோம்? மார்க் 4 வாங்கியவர் வெட்கப்பட்டு, அதன் முன் கிரில்லையும் பானெட்டையும் கழற்றி எறிந்துவிட்டு மார்க் 1 வேஷம் கட்டுகிறார். பத்மினி வாங்கியவர் அதன் முகத்தை மாற்றி 1960-களின் பியட் ஆக்குகிறார். டாஷ்போர்டு போகிறது, பம்பர் போகிறது, விளக்குகள் போகின்றன. முடிவில் அது மார்க் 1 ஆகவும் இல்லை, மார்க் 4 ஆகவும் இல்லை. ஒரு பொய் மார்க் 1 கூடியது. ஓர் உண்மையான மார்க் 4 குறைந்தது. இப்படியே போனால் 1980-களில் இந்தியச் சாலை எப்படி இருந்தது என்று காட்ட ஒரு முழு வண்டிகூட மிஞ்சாது. வாங்கிய வண்டியை அதுவாகவே ஏற்காத மனம்தான் இதைச் செய்கிறது. அந்த மனத்தை ஊட்டி வளர்ப்பது "நீ வாங்கியது நீ கேட்டதல்ல" என்ற ஓயாத பேச்சு. மனம் ஒட்டாது என்ற நான்காவது காரணத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ஒட்டவிடாமல் செய்வது வண்டி இல்லை, நாம்தான்.

அப்படியென்றால் கிடைத்ததை எல்லாம் வாங்கிப் போடலாமா? கூடாது. என் வாதம் எதையாவது வாங்குங்கள் என்பதன்று. விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக வாங்குவதும், கொஞ்ச நாளில் கைமாற்றிவிட்டு வேறொன்றுக்குத் தாவலாம் என்று வாங்குவதும், இன்னொரு வண்டியாக மாற்றுவதற்காக வாங்குவதும் தவறுதான். வாங்கும் முன்பு தரைத்தகட்டையும் சேஸையும் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். எண்களை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். உதிரி எங்கே கிடைக்கும், யார் வேலை செய்வார் என்று விசாரியுங்கள். பிறகு, இந்த வண்டி இந்த வண்டியாகவே இருக்க நான் சம்மதிக்கிறேனா என்று உங்களையே கேளுங்கள். சம்மதம் என்றால் தயங்காமல் வாங்குங்கள்; அதன்பின் அது இரண்டாம் தேர்வு இல்லை. முதலில் கேட்ட வண்டியை மறக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஹெரால்டை விரும்பிக்கொண்டே பத்மினியை நன்றாகப் பராமரிக்க ஒருவரால் முடியும்.

பழைய வண்டி கிளாசிக் ஆவது அதற்கு யார் எப்போது ஆசைப்பட்டார் என்பதால் இல்லை. யார் எத்தனை காலம் ஓடும் நிலையில் வைத்திருந்தார் என்பதால். இதை ஏற்றுக்கொண்டால் நாம் செய்ய வேண்டியவை தெளிவு. கண்காட்சிகளில் நடுவர்கள் பெயருக்கும் அபூர்வத்துக்கும் மதிப்பெண் போடுவதைக் குறைத்து, அசல் நிலைக்கும் தொடர்ந்த பராமரிப்புக்கும் கூட்ட வேண்டும். வேஷம் கட்டிய மார்க் 1-ஐவிட, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் மார்க் 4-க்கு மேலான பரிசு கிடைக்க வேண்டும். புதிதாக ஒரு பத்மினியோடு வருபவருக்கு நாம் கொடுக்க வேண்டியது நல்ல மெக்கானிக்கின் முகவரியும் உதிரிக் கடையின் முகவரியும்தான். அவர் எதை வாங்கியிருக்க வேண்டும் என்ற உபதேசத்தால் ஒரு வண்டிகூட ஓடப்போவதில்லை.